ட்ரெட்மில்லுக்கு இடம் பார்த்த நாட்கள்

சேலத்து டாக்டரம்மா எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்ன அன்று, ஏற்காட்டு மலைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் நான் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"மாத்திரை அதோட வேலையைச் செய்யும். மிச்ச வேலை உங்க கால்லதான் இருக்கு. தினமும் காலைல வெளிய போய் நல்லா கையை வீசி நடங்க," என்று அவர் சொன்னார். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், "கண்டிப்பா நடக்க வைக்கறனுங்க மேடம்," என்று வாக்குக் கொடுத்தார். நான் வெளியே போக வேண்டும் என்று ஒருவர் சொல்லி, அதற்கு அவரும் சரி என்றது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அவர் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. வாழவந்தியில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வீடும் அதற்குப் பின்னால் கொஞ்சம் காப்பிச் செடிகளும் உண்டு. அவர் பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களுக்குப் பேர் போட்டு, எந்தக் காட்டில் என்ன வேலை என்று பிரித்து அனுப்புவது அவர் பொறுப்பு. நான் தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் என் மெஷின். ஜாக்கெட் துணியைப் பெண்கள் வந்து கொடுத்துவிட்டு, அவர்களே வந்து வாங்கிப் போவார்கள். காய்கறி வண்டி வாசலுக்கு வரும். கேஸ் சிலிண்டர் வரும். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் போனிலேயே தட்டி, சோப்பிலிருந்து செருப்பு வரை அனுப்பிவிடுவான். எல்லாம் வசதிதான். ஆனால் இப்படி ஒவ்வொன்றாக வீட்டுக்கு வர வர, நான் வெளியே போவதற்கு இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எங்கள் ஊரில் ஒரு பொம்பளை ரோட்டில் இறங்கினால் எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "எங்கீங்க இவ்ளோ தூரம்?" அதற்குப் பதில் இருக்க வேண்டும். ரேஷனுக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஒரு துக்கத்துக்கு.

டாக்டரம்மா எனக்கு ஒரு பதிலைக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

தனியாகப் போக விடமாட்டார் என்று தெரியும். அதனால் பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன். அக்கா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எஸ்டேட்டில் காப்பி பறித்து, மிளகு பறித்து, உரம் சுமந்து, போன வருஷம்தான் வேலையை விட்டு நின்றிருந்தார். புருஷன் இல்லை. மகன், மருமகளோடு இருக்கிறார்.

"எனக்கென்ன சர்க்கரையா இருக்குது, நடக்கறதுக்கு?" என்று சிரித்தார். பிறகு, "சரி, வர்றன் கண்ணு. ஊட்டுல உக்காந்திருந்தா மருமவ மூஞ்சியத்தான் பாத்துட்டிருக்கோணும்," என்றார்.

பங்குனியில் ஒரு மழை பெய்து காப்பி பூத்திருந்த சமயம் அது. நாங்கள் விடிந்ததும் கிளம்பி, ஊர் ரோட்டைத் தாண்டி, எஸ்டேட் ரோட்டில் ஏறுவோம். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி, கீழே வெள்ளையாகப் பூத்த காப்பி. அந்த வாசனையில் கொஞ்ச தூரம் யாரும் பேச மாட்டோம். அப்புறம் அக்கா ஆரம்பிப்பார். எந்த மேஸ்திரி யாரோடு ஓடிப்போனான், எந்த பங்களாவில் எந்தத் துரைசாணி வளர்த்த நாய் எதைத் தின்று செத்தது என்று எல்லாம் அவருக்குத் தெரியும். ரோடு திரும்புகிற ஒரு வளைவில் மரங்கள் விலகி, கீழே சேலம் முழுவதும் தெரியும். அங்கே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவோம். டாக்டர் உட்காரச் சொல்லவில்லை. அந்தப் பாறையில் உட்காரத்தான் நான் நடந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கியது. "இப்படியே நடங்க," என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் தானே நடந்தது போலப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஆடி மாதத்தில் மலை மேல் மூடுபனி இறங்கிவிட்டால் மத்தியானம் வரைக்கும் விலகாத நாட்கள் உண்டு. அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. அக்கா எனக்கு இரண்டு எட்டு முன்னால், தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, மருமகள் வைத்த ரசத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். வலது பக்கக் காப்பிக்குள்ளிருந்து புஸ்ஸென்று மூச்சு விடும் சத்தம் கேட்டது. யாரோ மாடு ஓட்டி வருகிறார்கள் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "யாருங்க அது, மாட்டப் புடிங்க," என்றார்.

ரோட்டில் இறங்கியது காட்டெருமை. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. அது எங்களைத் தேடி வரவில்லை. ரோட்டைக் கடந்து கீழ்க்காட்டுக்குப் போக வந்தது, நடுவில் அக்கா நின்றிருந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரே தள்ளு. அவ்வளவுதான். அக்கா ஓரத்துக் கல்வரிசையில் போய் விழுந்தார். அது பனிக்குள் இறங்கி, செடி முறியும் சத்தமாக மாறி, பிறகு அந்தச் சத்தமும் இல்லாமல் போனது.

நான் கத்தினேன் என்று வேலைக்கு வந்துகொண்டிருந்த ஆட்கள் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. ஓடி வந்தவர்கள் அக்காவைக் கம்பளியில் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். என்னைப் பார்த்ததும் வண்டிக்கு ஸ்டாண்ட் போடாமலே இறங்கிவிட்டார். வண்டி அவருக்குப் பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டுக்கு வா," என்றார்.

அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சேலத்தில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் பழையபடி நடக்க நாளாகும், முழுசாக நடப்பாரா என்பதும் தெரியாது என்றார்கள்.

அன்றோடு என் நடையும் நின்றது. அவர் ஒன்றும் சத்தம் போடவில்லை. "இனி வேண்டாம் அம்மிணி," என்று ஒரு வார்த்தை. அதை மீறுவதற்கு எனக்கும் தைரியம் இல்லை. விடிகாலையில் அந்தப் புஸ்ஸென்ற சத்தம் என் காதிலேயே இருந்தது. பால்காரர் மாடு வாசலில் மூச்சு விட்டால்கூடக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன்.

ஆனால் பயம் மெல்ல மெல்லக் குறைந்தது. வீடு மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது.

ஆவணி முழுவதும் மழை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனி, உள்ளே பகலிலும் லைட். நான் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருப்பேன். நடக்க வேண்டுமே என்று எழுந்து, அடுப்படியிலிருந்து முன்னறை, முன்னறையிலிருந்து படுக்கையறை, கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபடி அடுப்படி என்று நடப்பேன். திரும்புகிற இடத்தில் எல்லாம் ஏதாவது இடிக்கும். பீரோ முனை, கதவுத் தாழ்ப்பாள், அரிசி டிரம். துணி கொடுக்க வந்த ஒரு பெண் ஜன்னல் வழியாக நான் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "என்னங்க தேடறீங்க?" என்று கேட்டாள். "ஊசி," என்றேன். அதற்குப் பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு நடந்தேன். சாத்தினால் மூச்சு முட்டியது. நடப்பதை விட்டுவிட்டேன். அடுத்த தடவை டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். முதல் தடவை வந்தபோது இருந்ததைவிட ஏறியிருந்தது.

அன்று சாயங்காலம் மகன் போனில் சொன்னான். "அம்மா, இதுக்கு ஏன் இவ்ளோ கவலை? ஒரு ட்ரெட்மில் வாங்கிடலாம். இங்க என் பிரெண்ட்ஸ் ஊட்டுல எல்லாம் இருக்குது. மழையா இருந்தா என்ன, எரும வந்தா என்ன? ஊட்டுக்குள்ளயே நடந்துக்கலாம்."

என் வீட்டுக்காரர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. இத்தனை நாள் அவரும் ஏதோ ஒரு வழி தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து சாப்பிடும்போதும் அதே பேச்சு. கூட வேலை பார்க்கிறவர்களிடம் விசாரித்தார். மகன் அனுப்பிய வீடியோக்களை என்னிடம் காட்டினார். எல்லா வீடியோவிலும் ஒல்லியான ஒரு பெண் பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

"இத எங்கீங்க வைக்கறது?" என்றேன்.

"முன்னறையில."

என் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அளந்தோம். டிவி ஸ்டாண்டை நகர்த்தினார். நாற்காலிகளை உள்ளே போட்டார். சுவரோரம் வைத்தால் என் தையல் மெஷினுக்கு இடமில்லை. குறுக்கே வைத்தால் படுக்கையறைக்குள் போக முடியாது. கடைசியில் ஒரே ஒரு இடம்தான் அமைந்தது. வாசல் பக்கம், நிலையை ஒட்டி. அங்கே வைத்தால் வாசற்கதவு பாதிதான் திறக்கும்.

"பாதி திறந்தா போதாதா? ஒருச்சாஞ்சு வந்துக்கலாம். இல்லீன்னா பின்கதவு இருக்குது," என்றார். சாக்பீஸால் தரையில் கோடு போட்டார். மெஷின் வருவதற்கு முன்பே அந்தக் கோட்டை மிதிக்காமல் நான் சுற்றிப் போக ஆரம்பித்துவிட்டேன்.

ஏற்காடு டவுனில் ஒரு பங்களாவில் பழைய ட்ரெட்மில் ஒன்று விலைக்கு இருப்பதாக எஸ்டேட்டில் யாரோ சொன்னார்கள். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போனோம். பெரிய இரும்புக் கேட்டு, அதற்குள் ஹைட்ரேஞ்சியாச் செடிகள் ஆளுயரம் வளர்ந்து நடைபாதையை மூடியிருந்தன. கேட்டைத் திறக்கவே என் வீட்டுக்காரர் தோளால் முட்ட வேண்டியிருந்தது.

அந்தம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். காட்டன் புடவை, காலில் வெள்ளை ஷூ. கணவர் இறந்து சில வருஷம் ஆகிறது, மகள் வெளிநாட்டில். இப்போது சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார், அங்கே கீழேயே எல்லோருக்கும் பொதுவாக மெஷின் இருக்கிறதாம். ரொம்ப மரியாதையாக எங்களை உள்ளே கூட்டிப்போனார்.

கடைசி அறையில் அது நின்றது. எதிரில் வெறும் சுவர். சுவரில் கண் மட்டத்தில் எண்ணெய் பட்டது போல ஒரு மங்கல் இருந்தது. நடந்து முடித்ததும் அங்கே நெற்றியை வைத்து நிற்பாரோ என்று தோன்றியது. கேட்கவில்லை.

"மக வாங்கிக் குடுத்தா. தனியா வெளிய போகாதேம்மான்னு ஒரே பயம் அவளுக்கு. சும்மா சொல்லக் கூடாது, இதுதான் என்னைக் காப்பாத்துச்சு. இது வந்ததுக்கு அப்புறம் நான் கேட்டைத் திறக்கவே இல்லை, பாருங்களேன்," என்றார். குறைபட்டுச் சொல்லவில்லை. ஒரு பொருளை விற்கிறவர் அதன் நல்லதைச் சொல்கிற மாதிரி, சந்தோஷமாகச் சொன்னார்.

"கேட்டியா? எவ்ளோ பாதுகாப்பு," என்று என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

என்னை ஏறச் சொன்னார்கள். வெறுங்காலோடு ஏறினேன். சிவப்புக் கயிறு ஒன்றின் நுனியில் இருந்த கிளிப்பை அந்தம்மா என் சேலை மடிப்பில் மாட்டிவிட்டார். நான் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு மெஷின் தானாக நின்றுவிடுமாம். பட்டனை அழுத்தினார். காலுக்குக் கீழே தரை பின்னால் போனது. நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கால் வைத்தேன். வைத்த கால் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. சுவர் அதே இடத்தில் இருந்தது. எனக்கு மயக்கம் வருகிற மாதிரி ஆகி, "நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றேன்.

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும்மா. பழகிடும்," என்றார் அந்தம்மா.

பிறகு என் வீட்டுக்காரர் ஏறினார். நாள் முழுக்க ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஆட்களுக்குப் பின்னால் அலைகிற மனுஷர், திருவிழாவில் ராட்டினம் ஏறிய மாதிரி சிரித்தார். "ஏனுங்கம்மா, இது என்னமோ கெணத்து மோட்டார் மாதிரி நொம்ப ஜோரா ஓடுதுங்க," என்றார். இறங்கும்போது விலை பேசி முடித்து, அடுத்த ஞாயிறு எஸ்டேட் வண்டியில் ஆட்களோடு வந்து எடுத்துக்கொள்வதாக வார்த்தையும் கொடுத்துவிட்டார். நான் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தேன். அவர் சாக்பீஸ் கோட்டை மறுபடி அளந்துகொண்டிருந்தார்.

"எனக்கு அது வேண்டாங்க," என்றேன்.

"ஏன்? நல்லாத்தானே இருந்துது?"

"நாள் பூரா இந்த மெஷின்ல உக்காந்திருக்கறேன். அப்பறம் எந்திரிச்சு அந்த மெஷின்ல நிக்கோணுமா?" என்றேன்.

"நிக்கறது இல்ல, நடக்கறது."

"எங்கீங்க நடக்கறது? இருந்த எடத்துலயேதான் நிக்குது."

அவர் டேப்பைக் கீழே வைத்தார். "அன்னிக்கு எனக்கு என்னன்னு போன் வந்துதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். அதுவரை அவர் அதைச் சொன்னதில்லை. "ரோட்டுல ஒரு பொம்பளைய காட்டெரும முட்டிப்போட்டுதுன்னாங்க. அவ்ளோதான். யாருன்னு சொல்லல. கேக்கறதுக்குள்ள கட் ஆயிருச்சு. எஸ்டேட் ஆபீஸ்லருந்து அந்த எடம் வரைக்கும் நான் எப்படி வண்டி ஓட்டிட்டு வந்தன்னு எனக்குத் தெரியாது. நீ நின்னுட்டிருந்தே. அக்கா ஜீப்புல கெடந்துது. அக்காதான்னு தெரிஞ்சதும் எனக்கு நிம்மதியா இருந்துது. அத நெனச்சா இன்னிக்கும் அந்தக்கா மூஞ்சியில முழிக்க முடியல."

நான் டேப்பை எடுத்துச் சுருட்டினேன். அவர் என்னை அடைத்து வைக்க நினைத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதற்கு என்ன சண்டை போடுவது? அந்த வாரம் முழுக்க எனக்கு அதுதான் பாரமாக இருந்தது. அவருக்குப் பயம், மகனுக்குப் பயம், டாக்டரம்மாவுக்கு என் சர்க்கரை மேல் கவலை. எல்லோரும் எனக்கு நல்லதுதான் நினைக்கிறார்கள். அந்த நல்லது எல்லாம் சேர்ந்து வாசற்கதவை ஒட்டி ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கப் போகிறது. வெள்ளிக்கிழமை ஒரு பெண் ஜாக்கெட் வாங்க வந்தாள். என்னையறியாமல் நான் கதவைக் கோடு வரைக்கும் பாதி மட்டும் திறந்து, இடுக்கு வழியாகத் துணியை நீட்டினேன். அவள் போன பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. மெஷின் இன்னும் வரவேயில்லை.

மறுநாள் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு அந்தப் பங்களா அம்மாவுக்கு நானே போன் செய்தேன். அவர் போனிலிருந்து நம்பரை எழுதி வைத்திருந்தேன்.

"நாளைக்கு வண்டி வராதுங்கம்மா. எங்களுக்கு வேண்டாங்க. வார்த்தை குடுத்துட்டு மாத்தறதுக்கு மன்னிச்சுக்கோங்க."

"வீட்டுக்காரர் சொன்னாரா?"

"இல்லீங்க. நாந்தான் சொல்றேன்."

"ஏம்மா?"

"எனக்கு ரோட்டுல நடக்கோணுங்க."

"ரோட்டுல எருமை வருதும்மா," என்றார். பிறகு, "சரி, வேற ஒருத்தர் கேட்டிருக்காங்க, அவங்களுக்குக் குடுத்துடறேன்," என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஈரத் துணியை எடுத்துவந்து குனிந்து, சாக்பீஸ் கோட்டைத் துடைத்தார். அப்புறம் நான்கைந்து நாள் என்னோடு பேசவில்லை. மகன் பேசினான். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் அங்க வர்றதுக்கு எவ்ளோ நேரமாவும் தெரியுமா? நீ பிடிவாதம் பிடிக்கறே," என்றான்.

"சாமி, நான் எங்கயும் ஓடிப்போகல. நடக்கத்தான் போறேன்," என்றேன்.

நடக்கவும் சும்மா இறங்கிவிடவில்லை. எங்கள் பக்கம் ரோந்து வரும் வனக்காவலரைப் பிடித்துக் கேட்டேன். விடிகாலையும் அந்தியும்தான் அவை ரோட்டைக் கடக்கும் நேரம், வெயில் ஏறி ஆட்கள் வேலைக்கு இறங்கிய பிறகு காட்டுக்குள் படுத்துவிடும், பனி இருந்தால் மட்டும் எந்த நேரமும் போகாதீர்கள் என்றார். அதனால் பத்து மணி பஸ் போன பிறகு கிளம்பினேன். முதல் நாள் எஸ்டேட் ரோட்டில் ஏறியதும் நடு ரோட்டைப் பிடித்தே நடந்தேன். அக்கா விழுந்த கல்வரிசையைப் பார்க்காமல் தாண்டினேன். வளைவு வரைக்கும் போகவில்லை, பாதியில் திரும்பிவிட்டேன்.

இரண்டாவது நாள் பாதி வழியில் போன் அடித்தது. அவர்தான். பேச்சுவார்த்தை இல்லாத நாளில், "எங்க இருக்கறே?" என்று ஒரு கேள்வி. சொன்னேன். வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி. "திரும்பிட்டியா?" அன்றிலிருந்து இன்றுவரை இப்படித்தான். நான் எடுக்க இரண்டு நிமிஷம் தாமதமானால் ஸ்கூட்டர் வரும். ஒரு தடவை டவர் இல்லாத இடத்தில் நான் ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன், அவர் வேலையாட்கள் இரண்டு பேரோடு வந்து நின்றார். அவர்கள் முன்னால் எனக்கு மானம் போயிற்று. அந்தச் சிவப்புக் கயிறு கிளிப்பை அந்தம்மா வீட்டிலேயே கழற்றிவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

அக்காவைப் பார்க்க அடிக்கடி போவேன். அவர் வாக்கர் பிடித்து எழுந்து நிற்கும் நிலைக்கு வந்திருந்தார். ரோட்டில் பார்த்ததைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று எண்ணி, மிளகு காய் பிடித்திருப்பதையும் யாரோ புது ஜீப் வாங்கியிருப்பதையும் சொன்னேன். அவர் கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அந்த மெஷினு வாங்கலையா, கண்ணு?"

"இல்லக்கா. நான் வேண்டான்னுட்டேன்."

"ஓ." வாக்கரைக் கிட்டே இழுத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில காலுக்குப் பயிற்சி குடுக்கற பொண்ணு சொல்லுச்சு, மேடு பள்ளமில்லாம, ரெண்டு பக்கமும் புடிச்சுட்டு நடக்கற மாதிரி எடம் வேணும்னு. ஒன்ற ஊட்டுல அது வருதுன்னு மருமவ சொன்னா. மெல்லமா வெச்சு ஓட்டுனா நானும் தெனம் வந்து நடக்கலாமேன்னு இருந்தேன்," என்றார்.

அவர் வீட்டு வாசலில் நான்கு படி, அதைத் தாண்டினால் சரளைக் கல். அவருக்கு ரோடு என்பதே இனி இல்லை. அந்த மெஷின் எனக்குச் சுவராகத் தெரிந்தது, அவருக்கு அது ரோடாகத் தெரிந்திருக்கிறது. அன்று மத்தியானமே அந்தம்மாவுக்கு மறுபடி போன் செய்தேன். மெஷின் போய்விட்டது, அவரும் சென்னைக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். மறுநாள் வேலை விட்டு வரும்போது ஸ்கூட்டரில் நீளமாக இரண்டு சவுக்குக் கழிகளைக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுப் பின்னால் காப்பி காயப்போடும் சிமெண்ட் களம் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் குழி வெட்டி, இடுப்பு உயரத்துக்கு முட்டுக்கால் நட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி அந்தக் கழிகளைக் கட்டினார். அடுத்த நாள் எஸ்டேட் ஆள் ஒருவரும் அவருமாக அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு அவர் அக்காவை நேருக்கு நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"புடிச்சுக்கோங்க அக்கா. ஆடுதான்னு பாருங்க," என்றார்.

அக்கா கழியைக் குலுக்கிப் பார்த்தார். "எரும முட்டுனாலும் தாங்கும் போல," என்றார். என் வீட்டுக்காரர் சிரிக்க முயன்று, முடியாமல், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

இப்போது காலையில் நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடக்கிறேன். சாயங்காலம் அக்கா களத்தில் நடக்கிறார், நான் அவருக்குப் பின்னால் கைகளை விரித்துக்கொண்டு போகிறேன். என் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முன்பு போல இல்லை. அக்கா களத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய், அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டு, திரும்ப முடியாமல் நிற்பார். அவரைத் திருப்பி நிறுத்துவது என் வேலை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு இந்த வாரம் விடவே இல்லை. களத்தில் பாசி ஏறி வழுக்குகிறது, ரோட்டில் கைநீட்டினால் கை தெரியாத பனி. எங்கள் இரண்டு பேருக்குமே நடை இல்லை. மழை விட்டதும் காப்பி பழுத்துவிடும், களம் முழுக்கக் காயப்போட வேண்டும், அப்போது கழிகளைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் நேற்றுச் சொன்னார். வேறு எங்கே நடலாம் என்று கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். இடம் ஒன்றும் அமையவில்லை. நான் தையல் மெஷினில் உட்கார்ந்து, தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.